பாட்டில்நெக் அண்ணனும் ஒரு விரற்கடையும்

பெங்களூரில் சில்க் போர்டு சிக்னலுக்கு அடுத்தபடியாக மனிதர்களை அதிக நேரம் காக்க வைத்த பெருமை பாட்டில்நெக் அண்ணனுக்குத்தான் சேரும். சிக்னலிலாவது எப்போதாவது பச்சை விழும். அண்ணன் வாயிலிருந்து "சரி, வாங்கிக்கோ" என்ற சொல் விழுந்து யாரும் கேட்டதில்லை.

பொம்மனஹள்ளியில் நான் தங்கியிருந்த ஆண்கள் பி.ஜி. விடுதியில் மூன்றாவது மாடி கடைசி அறை அவருடையது. சொந்த ஊர் ஆரணி. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் மெக்கானிக். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பி.ஜி. ஓனர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு பாகம் வேகமாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருந்தால், மந்தமானது வேகமானதையும் பிடித்து இழுத்துவிடும். அதற்குத்தான் பாட்டில்நெக் என்று பெயர். அண்ணன் அதைக் கம்ப்யூட்டரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காலையில் குளியலறை வாசலில் பக்கெட்டோடு வரிசை நின்றால், "பாத்ரூம் மூணு கீது, கீசர் ஒண்ணுதான். அதான் பாட்டில்நெக்" என்பார். சாம்பாருக்குக் கரண்டி ஒன்றே இருந்தால் அது பாட்டில்நெக். தனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால், "எங்க தாய்மாமன்தான்பா பாட்டில்நெக்" என்று முடித்துக்கொள்வார்.

குறைந்த பட்ஜெட்டில் கேம் ஆட ஆசைப்படும் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். விளையாட்டின் படங்களைத் திரையில் வரைந்து தள்ளும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவருக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்குச் சமம். பத்துப் பொருத்தம் பார்ப்பார். பிராசஸரோடு ஒத்துப்போவது தினப் பொருத்தம். மானிட்டரோடு ஒத்துப்போவது கணப் பொருத்தம். பவர் சப்ளைதான் ரஜ்ஜு.

"மத்த ஒம்போதும் இல்லன்னாகூட சமாளிக்கலாம்பா. ரஜ்ஜு தட்டுச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

இரண்டாவது மாடி சேலத்துக்காரர் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். அண்ணனிடம் கேட்காமலேயே பெரிய கார்டாக ஒன்றை வாங்கி வந்து தன் பழைய டப்பாவில் மாட்டி, ஒரு சனிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம். கட்டடம் முழுக்கக் கரண்ட் போய், கீழே சமையலறையில் கிரைண்டரும் பாதியில் நின்றது. அன்றைக்கு மூன்று மாடிக்கும் சட்னி இல்லை. அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, வெறும் இட்லியோடு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, "பொருத்தம் பாக்காம தாலி கட்டனா இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு தெரிந்த மனிதரின் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. நான்கு வருடமாகத் தனக்கு ஒன்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அதற்காகவே கண்ணாடிக் கதவு வைத்த, ஆட்டுக்கல்லே உள்ளே போகிற அளவுக்குப் பெரிய கேபினெட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கார்டு மாட்டவேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். ஆயுத பூஜை அன்று அந்தக் காலி இடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்.

இந்த மகானிடம்தான் நானும் போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு அவசரம் இருந்தது.

என் அக்கா மஸ்கட்டில் நர்ஸ். எனக்கும் அங்கே ஒரு வேலையை, அவர் காலையும் இவர் கையையும் பிடித்து ஏற்பாடு செய்திருந்தாள். விசா வந்தது, டிக்கெட் வந்தது. நான் விமானம் ஏறவில்லை. பெங்களூரே போதும் என்று இருந்துவிட்டேன், அதை அவளிடம் சொல்லும் தைரியமும் இல்லை. மஸ்கட் ஏர்போர்ட் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அதிலிருந்து ஒரு வருடமாக என் போனை அவள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் விதிவிலக்கு. சின்ன வயதிலிருந்து இருவரும் கம்ப்யூட்டர் கேம் சேர்ந்து ஆடியவர்கள். அவளுடைய துப்பாக்கிச் சண்டை டீமில் நான்காவது ஆள் கிடைக்காததால் என்னை வைத்துக்கொண்டிருந்தாள். "இடது பக்கம்." "குனி." "மருந்து குடு." எங்கள் உறவு இந்த மூன்று வாக்கியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த விளையாட்டு புதுப் பதிப்புக்கு மாறியது. என் பழைய கார்டு மூச்சுத் திணறியது. நான் குனிவதற்குள் எதிரி என்னைச் சுட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவான். அக்கா எழுத்தில் ஒரு செய்தி அனுப்பினாள்: "கார்டு மாத்து. இந்த ஞாயிறுதான் கடைசி. இல்லன்னா வேற ஆள் பாக்கறேன்."

அந்தச் செய்தி வந்தபோதே மூன்றாவது வாரமாக நான் அண்ணன் அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். முதல் வாரம், "அடுத்த மாசம் புது மாடல் வருது, பழசு வெல எறங்கும், பொறு" என்றார். இரண்டாவது வாரம் விலை ஏறியது. "ஏறனது எறங்கித்தானே ஆவணும்? லிஃப்ட் பாக்கறவன் சொல்றேன், கேளு" என்றார். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. நடந்த கதை முழுவதையும் கொட்டி, "எங்கக்கா பேசற ஒரே நாளும் போயிடும்ண்ணா. உங்க பத்துப் பொருத்தத்த நீங்களே வச்சுக்கோங்க!" என்று கத்தினேன்.

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் வெறும் வெளாட்டுன்னு நெனச்சேன்."

மறுநாள் சனிக்கிழமை. லீவே போடாத மனிதர் லீவு போட்டுவிட்டு என்னைக் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏறி இறங்கிய கடையிலெல்லாம், மீன் வாங்குபவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பழைய கார்டின் விசிறியையும் தூக்கி மோந்து பார்த்தார். ராப்பகலாகப் போட்டு வறுத்தெடுத்த கார்டு என்றால் கருகல் வாசனை அடிக்குமாம். ஒரு கடைக்காரர் பொறுமை இழந்து, "ஏன் குரு, இவ்ரு தகொள்ளோக்கெ பந்திதாரா, மூசி நோடோக்கெ பந்திதாரா?" என்று என்னைக் கேட்டார். வாங்க வந்தாரா, மோந்து பார்க்க வந்தாரா என்பது கேள்வி. அண்ணன் அதற்குள் அடுத்த கார்டை மூக்கருகே கொண்டுபோயிருந்தார்.

ஏழாவது கடையில் ஒரு கார்டை மோந்தார். கண்ணை மூடினார். இன்னொரு முறை மோந்தார். பிறகு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து விழுந்தது.

"சரி, வாங்கிக்கோ."

பஸ்ஸில் அதைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என் அறையில் கையைக் கழுவி, துடைத்து, விபூதி இட்டு, என் கம்ப்யூட்டரைத் திறந்து கார்டை உள்ளே இறக்கினார். அது இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க் வைக்கும் தகரக் கூண்டு ஒன்று ரிவெட் அடித்து உள்ளே குறுக்கே நின்றது. சரியாக ஒரு விரற்கடை இடிக்கிறது. பத்துப் பொருத்தமும் பார்த்தவர், மாப்பிள்ளை வாசலில் நுழைவாரா என்று பார்க்க மறந்துவிட்டார். ஆள் உயர லிஃப்டை நூல் பிசகாமல் நிறுத்துகிறவர், சட்டைப் பையில் எந்நேரமும் டேப் வைத்திருப்பவர், என் பெட்டியை அளக்கவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த சேலத்துக்காரர், "சொல்ப அட்ஜஸ்ட் மாடி அண்ணா, கூண்ட அறுத்துடலாம்" என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பது பெங்களூரின் தாரக மந்திரம்.

"செருப்புக்காகக் கால வெட்டுவாங்களா? அறுத்த தூள் உள்ள விழுந்தா போர்டே பூடும்." அண்ணன் முகம் சுண்டிப்போயிருந்தது. "தப்பு என்னுதுப்பா. இந்தத் தடவ நான்தான் பாட்டில்நெக்."

ஒருவர் தன் பட்டப்பெயரைத் தானே ஒப்புக்கொள்வதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பரவாயில்லை அண்ணா என்று நான் சொல்வதற்குள் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே போனேன். தன் கண்ணாடிக் கேபினெட்டைத் திறந்து, நான்கு வருடம் குங்குமம் வைத்துக் காத்த இடத்தில் என் கார்டை இறக்கினார். க்ளிக் என்று உட்கார்ந்தது.

"வீட்டோட மாப்பிள்ளையா இருந்துட்டுப் போட்டும். நீ இங்க வந்து ஆடு."

ஞாயிறு மதியம் அவர் கட்டிலில் உட்கார்ந்து ஆடினேன். படம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. ஹெட்போன் இல்லாததால் ஸ்பீக்கரில்தான் பேச்சு. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "சூடு அறுவது டிகிரிதான். நல்லாகீது. ஃபேன் சத்தமே இல்ல" என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார். மைக் எல்லாவற்றையும் மஸ்கட்டுக்கு அனுப்பியது.

ஆட்டம் முடிந்து மற்ற இருவரும் போன பிறகும் அக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை. 

"அங்க பேசறது யாருங்க?" என்றாள்.

"நான்தாம்மா, கார்டு பாத்துக் குடுத்தவன்."

"அண்ணா, அவன் எப்டி இருக்கான்? எளச்சிட்டானா?"

நான் அரை அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கார்டைப் பார்த்த அதே பார்வைதான், மோந்து மட்டும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் எளச்சிதான்கீறாம்மா. முந்தாநேத்து ஒன்னப் பத்திச் சொல்லிச் சொல்லி என்னயே திட்டனான். இதோ பக்கத்துலதான்கீறான். நீயே கேளு."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"டேய்" என்றாள் அக்கா.   அழுது, திட்டி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி திட்டு வாங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கதவைத் திறந்தால் வராந்தாவில் அண்ணன் காய்ந்த துணிகளுக்கு நடுவே, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "கார்டு ஹீட் ஆச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்ல கார்டுப்பா" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே போனார்.

இப்போது நான் வேறு ஏரியாவில் இருக்கிறேன். பெரிய கேபினெட்டாக வாங்கிவிட்டேன். அந்தக் கார்டை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. வாழப் போன இடத்திலிருந்து பிரிக்க மனம் வரவில்லை. அண்ணன் தனக்கென்று ஒரு கார்டு இன்னமும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம்.

என்னோடு கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்பவர்களிடம் மஸ்கட்டில் ஒரு அக்கா, பொம்மனஹள்ளியில் ஒரு அண்ணன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.