வலை காயும்வரை

சரியாகப் பதினெட்டு மணி நேரமாக அந்தக் கூடத்திலிருந்த இருநூறு பெண்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வாயை மூடியவர்கள். இப்போது பகல் பன்னிரண்டு. ஒருவருக்கும் சிறுநீர் கசியவில்லை. அற்புதம் என்றால் இதுவல்லவா அற்புதம்!

அதைச் செய்தவர் வலையார். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ, யாரும் கேட்டதில்லை. இருமினால், தும்மினால், சிரித்தால் கசிகிற பெண்களுக்கு நேரே அவர் கட்டைவிரலை நீட்டுவார். கண்ணை மூடுவார். அடிவயிற்றுக்குள் ஒரு வலையை அனுப்பிவிடுவார். கத்தி கிடையாது, தையல் கிடையாது, வலி கிடையாது. வலையும் கிடையாது என்று சொல்லிவிடக் கூடாது. அது கண்ணுக்குத் தெரியாத வலை. ஒரே நிபந்தனை, காயும்வரை அதில் ஈரம் படக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் முன்னால் இந்தப் பதினெட்டு மணி நேரம்.

கூடம் ஒரு நாற்காலிக் கடையின் மேல்மாடி. மற்ற கூட்டங்களில் முன்வரிசைக்கு முண்டியடிப்பார்கள். இங்கே கழிவறைப் பக்கத்து வரிசைதான் முதலில் நிறையும். எல்லோரும் அடர்நிறத்தில் உடுத்தியிருப்பார்கள். யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். பேசினால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்களே! அந்தக் கூச்சம்தான் வலையாரின் மூலதனம்.

விளையாட்டு டீச்சருக்கு இது பதினாலாவது வாரம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எட்டு வருஷமாக இதே அவஸ்தை. மைதானத்தில் விசில் ஊதினால் கசியும். பயந்து பயந்து ஊதினால் பிள்ளைகள் காதில் விழாது. ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வலை காயட்டும் என்று காத்திருந்தார். தண்ணீர் குடிக்காத நாளில் வலை நன்றாக வேலை செய்வதைக் கண்டு, பள்ளிக்கூட நாட்களிலும் குடிப்பதை நிறுத்திவிட்டார். மூன்று நாளுக்கு முன் நீளந்தாண்டும் மணல்குழி ஓரத்தில் மயங்கி விழுந்தார்.

பார்க்க வந்தவள் நாத்தனார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸ்.

"அண்ணி, கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து... இல்ல, முந்தாநாள் ராத்திரி கொஞ்சம்."

"தொட்டிச் செடிக்குக்கூட இதவிட அதிகமா ஊத்துவாங்க."

டீச்சர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நாத்தனார் சிரிக்கவில்லை.

"இதுக்கு வைத்தியம் இருக்கு அண்ணி. முதல்ல பயிற்சி குடுப்பாங்க. அது பத்தலன்னா, மூத்திரக் குழாயத் தாங்கிப் பிடிக்க உள்ள ஒரு நாடா வெச்சு ஆபரேஷன். அதுல என்ன நல்லது, என்ன ஆபத்துன்னு டாக்டரே உக்கார வெச்சுச் சொல்வாங்க."

"கத்தி வெப்பாங்களே! வலையார் கத்தியே வெக்கல."

"காத்தப் போட்டு அடைக்கிறதுக்குக் கத்தி எதுக்கு?"

"அப்ப சாட்சியக்கா? அவங்கள என்ன சொல்ற?"

வலையாரின் முதல் வலையைப் பெற்றவர் என்று வாராவாரம் மேடையேறுகிற அம்மாள் அவர். ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பார், குதிப்பார், இருமுவார், கை கூப்புவார். டீச்சர் கைபேசியில் அவர் படத்தைக் காட்டினார். நாத்தனார் முகம் மாறியது.

"இவங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"ஏன்? தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னா கூடாது அண்ணி. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

வந்துவிட்டாள். இரண்டு கேன் தண்ணீருடன்.

மேடையில் சாட்சியக்கா குடித்து, குதித்து, இருமி முடித்ததும் கைத்தட்டலுக்கு நடுவே நாத்தனார் எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"சந்தேகம் வலையை அரிக்கிற பூச்சியம்மா" என்றார் வலையார் ஒலிபெருக்கியில்.

"சின்னப் பூச்சிதாங்க. அக்காவுக்கு வலை எத்தன வாரத்துல காஞ்சுது?"

"மூணே வாரம்!"

"எங்க அண்ணிக்குப் பதினாலு வாரம். இந்நேரம் கருவாடாவே ஆகியிருக்கணும். அவங்களும் குடிச்சுட்டுக் குதிக்கட்டுமே?"

கூடம் சிரித்தது. மூத்திரப்பை காலியாக இருக்கும்போது பயமில்லாமல் சிரிக்கலாம்.

இருநூறு பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல வலையாருக்கு வழியில்லை. "நம்பிக்கை இருந்தா குடிக்கட்டும்" என்றார்.

டீச்சர் இரண்டு சொம்பு குடித்தார். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தத்தைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் பொறுக்கவில்லை. முப்பது பேர் கேனைச் சுற்றிக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். வலையார் வலையின் பெருமையைப் பேசினார். பேசப் பேச வியர்த்தார்.

"போதும் அண்ணி. குதிங்க."

டீச்சர் மேடையேறினார். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டார். கருநீலப் புடவையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"பாருங்கள்! காய்ந்துவிட்டது!" என்று வலையார் கூவினார். கைத்தட்டல்.

டீச்சர் பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். நாளைக் காலை கடிதத்தை நீட்டிவிட்டு, ஆயுசு முழுக்கக் கருநீலத்திலேயே இருந்திருக்கலாம். அவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"நனைஞ்சிடுச்சு."

"என்னம்மா?"

"நனைஞ்சிடுச்சுங்க ஐயா. தண்ணி குடிச்ச நாளெல்லாம் நனைஞ்சுது. இந்தப் பதினாலு வாரமும்."

கழிவறைப் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும்."

"எனக்கும்தான்."

"நான் எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்!"

"நான் மட்டும் என்னவாம்?"

இத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் இப்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்பிக்கை கெட்டவர்கள்!" வலையாரின் குரல் கீச்சிட்டது. "இதோ அக்கா நிற்கிறாரே! இவர் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கிறார்?"

இந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். டீச்சர் சாட்சியக்காவிடம் போனார்.

"அதானே. சொல்லுங்கக்கா. உங்களுக்கு மட்டும் எப்படி?"

சாட்சியக்கா நாத்தனாரைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம். நாத்தனார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பேசாதே" என்றார் வலையார். அவர் ஒருவர்தான் அந்தச் சொல்லை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

"போடா" என்றார் சாட்சியக்கா. பிறகு டீச்சர் கையிலிருந்த ஒலிபெருக்கியைத் தன் வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எனக்குள்ள நாடா வெச்சாங்க. அது வலைத்துணியில செஞ்சதுன்னு டாக்டரம்மா சொல்லும்போது இந்தத் தம்பிக்காரன் பக்கத்து பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தான். வாராவாரம் இருநூறு பேர் என்னயப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனீங்க. எப்படின்னு இன்னிக்குத்தான் ஒருத்தி கேக்குறா."