குட்டிம்மாவின் காதும் என் கையெழுத்தும்

நன்றாகக் காது கேட்கும் ஒரு பிள்ளைக்குக் கேட்காது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவள் நான். அதே நாளில் அதைவிடப் பெரிய இன்னொரு பிழையும் செய்தேன். அது தெரியவர ஒரு கிழமை ஆனது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. சிறுவர் அபிவிருத்தி அலுவலராகக் கொஸ்லந்தப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நியமனம் கிடைத்தது. அதற்கு முன் இரண்டு கிழமைப் பயிற்சி. பிள்ளைகளின் நடை, பேச்சு, கேட்கும் திறன், பார்வை எல்லாம் வயதுக்கேற்ற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து ஃபாரத்தில் அடையாளம் போடக் கற்றுத் தந்தார்கள். பயிற்சி முடிந்து வரும்போது பஸ் கண்டக்டரைக்கூட அப்படித்தான் பார்த்தேன். (இரண்டு தரம் கூப்பிட்டும் அவர் மிச்சக்காசு தரத் திரும்பவில்லை. வயது ஐம்பது இருக்கும். கவலைக்கிடம்.)

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினாலு பிள்ளைகள். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மேரி அக்கா. நான் பாயை விரித்து, ஃபாரத்தை மடியில் வைத்து, கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவன் கவின். நாலு வயது. “கட்டையை எடுத்து வாளிக்குள் போடு” என்றேன். போட்டான். “பந்தைக் கொண்டு வா” என்றேன். கொண்டு வந்தான். எதையும் வாய் திறந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். மூன்றே நிமிடம். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டு, பேச்சுக்கு நேரே ‘வெட்கம்’ என்று எழுதி, ‘மிகவும் கீழ்ப்படிவான பிள்ளை’ என்று ஒரு பாராட்டும் சேர்த்தேன்.

அடுத்தது ஜெஸ்மிதா. அவளுக்கும் நாலு வயது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“ஜெஸ்மிதா.”

அசைவில்லை.

“ஜெஸ்மிதா, இங்க பாருங்க.”

இல்லை. பையிலிருந்த மணியை எடுத்து அவள் காதுக்குப் பின்னால் ஆட்டினேன். பிள்ளை மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டதே தவிர, திரும்பவில்லை.

பால் காய்ச்சிக்கொண்டிருந்த மேரி அக்கா, “மிஸ், அந்தப் புள்ளய வந்து...” என்று தொடங்கினார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். பரிசோதனை நடக்கும்போது யாரும் குறுக்கே பேசினால் முடிவு பிழைத்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மேரி அக்கா பாலைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் ஃபாரத்தில் ‘காது கேட்காது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய், நாற்பது பேர் முன்னால் ஜெஸ்மிதாவின் அம்மா சாந்தி அக்காவைக் கூப்பிட்டு, “உங்க பிள்ளைக்குக் காது கேக்காது போல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்று சொன்னேன். சாந்தி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் ஃபாரத்தைப் பிடித்தபடி நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எல்ல டவுனில் ஹோட்டல் வேலை செய்த ஜெஸ்மிதாவின் அப்பா லீவு போட்டு ஓடி வந்தார். மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், திரும்பினாளாம். “ஆனா நீங்க படிச்சவங்க மிஸ், உங்களுக்குத் தெரியாமலா எழுதுவீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெருமையாக இருந்தது.

அடுத்த கிழமை இரண்டு பஸ் மாறிப் பதுளைக்குப் போனோம். சாந்தி அக்கா வழியெல்லாம் பிள்ளையின் காதைத் தடவிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். என் ஃபாரத்தை முழுக்கப் படித்தார். பிறகு எழுந்து பிள்ளைக்குப் பின்னால் போய், எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “டொஃபி வேணுமா?” என்றார்.

ஜெஸ்மிதா திரும்பிக் கையை நீட்டினாள்.

“மிஸ், பிள்ளைட காது நல்லம்” என்றார் டாக்டர். “எங்கிட்ட டொஃபிதான் இல்ல.”

சாந்தி அக்கா அழுதார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. நான் பிள்ளைக்கு முன்னால் குந்தி, “மிஸ் கூப்பிட்டப்ப ஏன் திரும்பல?” என்று கேட்டேன்.

“நீங்க என்னய கூப்புடலயே. ஜெஸ்மிதாவத்தான கூப்பிட்டீங்க.”

வீட்டிலும் காம்பராவிலும் அவள் குட்டிம்மா. ஜெஸ்மிதா என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் மட்டும்தான் இருந்தது. (மேரி அக்கா சொல்ல வந்தது அதுதான்.)

“சரி, மணி அடிச்சேனே?”

“மணி அடிச்சா கண்ண மூடித் தூங்கணும்னு ஆயா சொல்லிருக்கு.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்போதுதான் குட்டிம்மா சாதாரணமாகச் சொன்னாள்: “கவினுக்குத்தான் மிஸ் கேக்காது. நாந்தான் அவனத் தொட்டு எழுப்பணும்.”

கட்டையைப் போடச் சொன்னபோது என் கை வாளியைக் காட்டிக்கொண்டிருந்தது. பந்தைக் கேட்டபோது பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் கையையும் கண்ணையும் பார்த்தே எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் கவினின் முதுகுக்குப் பின்னால் மேரி அக்கா தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். அவன் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை தொழிலாளர் லயத்தில் இருந்த அவன் வீட்டுக்கே போனேன். வாசலைச் சாத்திவிட்டு அவன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் மகனின் தலையைத் தடவினார். பிறகு, “கூப்பிட்டா வரமாட்டான் மிஸ். பிடிவாதம்னு நெனச்சு அடிச்சிருக்கேன்” என்றார். “நானும் அவனுக்கு நல்ல பிள்ளைன்னு எழுதிட்டுப் போனேன் அக்கா” என்றேன்.

சில மாதத்தில் கவினுக்குக் காதுக்கு மெஷின் கிடைத்தது. மாட்டிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் போட்ட பாட்டைக் கேட்டு, கழற்றி என் கையில் கொடுத்துவிட்டான். (அந்தப் பாட்டுக்கு நானும் அதைத்தான் செய்திருப்பேன்.) பேச்சு மெதுவாக வந்தது. இப்போது பண்டாரவளையில் படிக்கிறான், வாய் ஓய்வதில்லை.

அன்றிலிருந்து எந்தக் காம்பராவுக்குப் போனாலும் ஃபாரத்தைத் திறக்க முன் ஆயாவிடம்தான் முதலில் பேசுகிறேன்.

போன மாதம் சாந்தி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் என்னை மன்னித்து எத்தனையோ வருஷம். “குட்டிம்மா, மிஸ் வந்திருக்காங்க, தேத்தண்ணி ஊத்து” என்றார். எட்டாம் ஆண்டு படிக்கும் குட்டிம்மா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். பதிலில்லை.

சாந்தி அக்கா என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் கேட்டார்: “அந்த ஃபாரம் இன்னும் இருக்கா மிஸ்? நீங்க எழுதினது சரிதான் போல.”