மயிலுக்குக் கொடுத்த சிடி

மாமனார் வீட்டில் கெட்ட பெயர் எடுக்கக் குடிக்கலாம், சீட்டாடலாம், பந்தியில் குழம்பைக் குறை சொல்லலாம். நான் இதில் எதையும் செய்யவில்லை. உதவி செய்தேன்.

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். எனக்குப் பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை. மாமாவுக்குக் கருமத்தம்பட்டியில் பதினாறு தறி, பக்கத்திலேயே இரண்டு ஏக்கர் தோட்டம். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. இன்னொரு காதைப் பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். ஹால் அலமாரியில் முந்நூறு சிடி இருக்கும். ஒவ்வொன்றையும் வேட்டி நுனியால் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் ப்ளேயரில் வைப்பார்.

எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தருகிறேன், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். (புது மாப்பிள்ளைக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.) மாமாவுக்கு இஷ்டமில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எங்கள் பக்கம் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "உங்க இஷ்டமுங்க மாப்பிள்ளை" என்று அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றினேன். பாட்டுகள் அகர வரிசையில் வந்து நின்றபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டாமா என்று என் மனைவி சுகன்யா கேட்டாள். ஆபீசில் ஊருக்கெல்லாம் பேக்கப் எடுத்துக் கொடுப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். தோட்டத்தில் மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த சமயம். மயில்கள் கூட்டமாக வந்து தின்றுகொண்டிருந்தன. பளபளவென்று எதையாவது கட்டித் தொங்கவிட்டால் மயில் வராது என்பது ஊர் நம்பிக்கை. இனி இந்த சிடிகள் எதற்கு என்று முந்நூறையும் நூலில் கோத்து (தறிக்காரர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்?) வரப்போரம் கட்டிவிட்டேன். மாமா கேட் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மயில்கள் இரண்டு நாள் யோசித்தன. மூன்றாம் நாள் சிடியில் முகம் பார்த்துவிட்டுச் சோளம் தின்றன.

மூன்று மாதத்தில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம், வீட்டிலேயே. அவருக்கு ஒரே ஓர் ஆசை. என் மாமியார், அதாவது அத்தை, தனக்குக் கல்யாணமாவதற்கு முன்பு தன் அக்கா கல்யாணத்தில் ஒரு முருகன் பாட்டுப் பாடியிருந்தார். யாரோ கேசட்டில் பிடித்ததை, பின்னால் ஒரு ஸ்டுடியோக்காரர் சிடியாக்கிக் கொடுத்தார். உலகத்திலேயே ஒரு பிரதிதான். அதை அன்று சொந்தபந்தமெல்லாம் கேட்க வேண்டும் என்று மாமா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

தாலி கட்டி முடிந்ததும் எனக்குக் கண் காட்டினார். நான் எழுந்தேன். கட்டிப் பழக்கமில்லாத பட்டு வேட்டி ஒயரில் மாட்டியது. ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்து, டிக் டிக் என்று நாலு தடவை முனகிவிட்டு அடங்கியது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். பின்னாலேயே அறுபதாம் கல்யாண மாப்பிள்ளையும் கழுத்து மாலையோடு ஓடி வந்தார். அத்தை பெயரை மாமா தன் கையாலேயே எழுதியிருந்த சிடி கிடைத்தது. கடையில் வாங்கிய சிடிகள் துடைத்தால் பாடின. இது பதிவு செய்த சிடி, மூன்று மாத வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டால், உள்ளே சிடியே இல்லை என்றது ப்ளேயர்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லைங்க மாப்பிள்ளை" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடாத அந்தச் சிடியை அவர் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மணையில் இருந்த அத்தை வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, பாடுனவ நான் இங்கதானுங்க உக்காந்திருக்கறேன். இத்தன வருசத்துல ஒருக்காலாச்சும் என்னையப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கறீங்களா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார்.

அத்தை பாடினார். நடுவில் குரல் கம்மியது. இரண்டு வரி மறந்துபோய் அவருடைய அக்கா எடுத்துக் கொடுத்தார். மாமா நல்ல காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார்.

நான் போனில் பதிவு செய்தேன். அன்று சாயங்காலமே நாலு இடத்தில் காப்பி போட்டேன். இன்றுவரை ஒன்றையும் யாரும் திறக்கவில்லை. மாமாவுக்குக் கேட்கத் தோன்றினால் சமையலறைப் பக்கம் திரும்பி "அம்மணி" என்று கூப்பிடுகிறார், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் விமோசனம் இல்லை. அந்த வீட்டில் என் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை சேர்த்துத்தான் கொடுப்பார்கள். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளை முதலில் வாங்கியவர் மாமா. வெகுநேரம் வைத்திருந்து, பிறகு மனசில்லாமல் என்னிடம் நீட்டினார்.

"பாத்துங்க மாப்பிள்ளை. மயிலுக்குக் குடுத்துப்போடாதீங்க."