வெள்ளைக் கயிறு, கறுப்புக் கயிறு

கையைப் பிடித்தாலே போதும், எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாராம்! ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், மூளைகூட வேண்டாம். நாடிச் சக்கரவர்த்தி வருகிறார் என்றதும் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் அலைமோதியது. ஆய்வகத்துக்கு ஒரு நுண்ணோக்கி வாங்கித் தராத பெற்றோர் சங்கம், சக்கரவர்த்திக்கு வெல்வெட் நாற்காலி போட்டிருந்தது.

அறிவியல் டீச்சர் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சக்கரவர்த்தி பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடிப்பார். கண்ணை மூடுவார், முக்கால்வாசி. "சுத்த ரத்தம்" என்றால் வெள்ளைக் கயிறு. "கெட்ட ரத்தம்" என்றால் கறுப்புக் கயிறு. அவருடைய கஷாயத்தைக் குடித்து முடிக்கும்வரை வகுப்பில் காலெடுத்து வைக்கக் கூடாது. அதிசயத்தைக் கேளுங்கள்: காரில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை, சாக்கடை ஓரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் கறுப்பு!

இஸ்திரிக்காரம்மாவின் மகளுக்கும் கறுப்புதான். வகுப்பிலேயே கெட்டிக்காரி. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல டீச்சர்" என்று அம்மா அழுதாள்.

"நோய் இருந்தாலும் அவ நல்ல பொண்ணுதாம்மா. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே படிக்கலாம். யாரும் அவளை வெளிய அனுப்ப முடியாது" என்றார் டீச்சர். சொல்லும்போதே அவருக்கு ரத்தம் கொதித்தது.

சங்கத் தலைவி குறுக்கே வந்தார். "அந்தப் பக்கத்துப் பசங்களுக்குத்தான் அதிகமா வருதுன்னு கணக்கே சொல்லுதாமே?"

"சொல்லட்டுங்க. ஆஸ்பத்திரி தூரம், விவரம் சொல்லித்தர ஆளில்ல. அங்க அதிகமா இருந்தா அதுதான் காரணம், ரத்தம் இல்ல. சரி, ஐயா இன்னொரு தடவை பாக்கட்டும். நாடிக்குக் கை போதுமே, முகம் எதுக்கு? திரைக்குப் பின்னால நிக்க வைக்கிறேன்."

கூட்டம் கைதட்டியது. சக்கரவர்த்தியால் மறுக்க முடியவில்லை.

திரைக்குப் பின்னால் இரண்டே பெண்கள்: இஸ்திரிக்காரம்மாவின் மகள், தலைவியின் மகள். டீச்சர் பழைய கயிறுகளை அவிழ்த்தார். தலைவி மகளின் தங்கக் கடிகாரம் இஸ்திரிக்காரம்மா மகளின் கைக்குப் போனது. அவளுடைய பிளாஸ்டிக் வளையல் தலைவி மகளின் கைக்கு வந்தது. அந்தக் கையின் நகத்தில் கொஞ்சம் கரியும் பூசியாயிற்று. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடிகாரக் கை நீண்டது. "ஆகா, பாலைப்போல ரத்தம்!" வெள்ளைக் கயிறு.

வளையல் கை நீண்டது. சக்கரவர்த்தி முகம் சுளித்தார். "முத்திப்போச்சு. மூணு பாட்டில் கஷாயம்." கறுப்புக் கயிறு.

டீச்சர் திரையை இழுத்தார்.

"எம்பொண்ணுக்கா கறுப்பு?" தலைவி அலறினார். "அவ அப்படிப்பட்டவளா?"

"இதையேதான் இஸ்திரிக்காரம்மாவும் கேட்டாங்க. அப்ப உங்களுக்குக் காது கேக்கல."

"திரை குறுக்க வந்ததால நாடி குழம்பிருச்சு…" என்று இழுத்தார் சக்கரவர்த்தி.

"நீங்க பாத்தது நாடியை இல்ல ஐயா, வளையலை!"

மண்டபம் சிரித்தது. சக்கரவர்த்தி கஷாயப் பெட்டியை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக மறைந்தார். இஸ்திரிக்காரம்மா மகளைக் கையோடு வகுப்புக்கு அழைத்துப்போனாள்.

கூட்டம் கலைந்தபின் தலைவியின் மூத்த மகன் தயங்கித் தயங்கி வந்தான். கையில் வெள்ளைக் கயிறு. முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர்… நிஜமான ரத்தப் பரிசோதனை எங்க எடுப்பாங்க? அம்மாகிட்ட சொல்லாதீங்க."

டீச்சர் கத்தரியை எடுத்து அந்தக் கயிற்றை வெட்டினார். "வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

கிருமிக்குக் காரும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. வளையலைப் பார்த்து ரத்தத்தை எடைபோடும் வித்தை மனிதனுக்கு மட்டுமே வரும். அடுத்த சக்கரவர்த்தியிடம் மணிக்கட்டை நீட்டும் முன், கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் வேலை வாங்குங்கள் ஐயா, அதற்குக் கஷாயம் தேவையில்லை!