டிபன் பாக்ஸில் போன வைரஸ்

சிலருக்குக் குடித்தால் வாய் நிற்காது. எனக்கு நாலு பேர் தலையாட்டினாலே போதும்.

ஓசூரில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்த சமயம். வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்று ஷிப்ட் மாறும்போது யாராவது தமிழில் விளக்குங்கள் என்றார் கன்னடக்கார மேனேஜர். முந்திக்கொண்டு கை தூக்கினேன். (படிப்பு ஐ.டி.ஐ. வைரஸ் ஞானம் முழுக்க செல்போன் வீடியோ.) எல்லாம் எதிரே நின்ற லேத் ஆபரேட்டர் நாகராஜுக்காகத்தான். ராயக்கோட்டைக்காரர். அவர் தங்கை கவிதாவை எனக்குக் கேட்டிருந்தோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை அறிவாளி என்று தெரிந்தால் நல்லதுதானே?

"வைரஸுக்குச் சொந்தமா ஒரு மெஷினும் கெடயாதுங்க," என்று ஆரம்பித்தேன். "அதுங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு டிராயிங், பீஸ் எப்படி இருக்கணும்னு சொல்ற படம். பொய் ஐடி கார்டு காட்டி நம்ம உடம்பு செல்லுக்குள்ள பூந்துரும். செல்லுதான் கம்பெனி. அங்க இருக்கிற மெஷின்ல தன்னோட டிராயிங்க மாட்டிரும். மெஷினுக்கு யாரு டிராயிங்னு தெரியுமா? ராடு கம்பெனிது, கரண்டு கம்பெனிது, வர்ற பீஸ் மட்டும் வைரஸுது."

கூட்டம் லேசாகச் சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

செய்த பீஸ் எப்படி வெளியே போகும் என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சில வைரஸ் செல்லை உடைத்துக்கொண்டு போகும், சில செல்லின் தோலையே போர்த்திக்கொண்டு நழுவும், போய்ப் பக்கத்துச் செல்லில் நுழையும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"நம்ம ஆளுங்க டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டுப் போற மாதிரின்னு வெச்சுக்கங்க."

ஷெட்டே அதிரச் சிரிப்பு. ஆனால் சிரித்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, நாகராஜைப் பார்த்தார்கள்.

தக்காளிக்கு மருந்தடிக்கும் மெஷினுக்கு அவர் கம்பெனிப் பித்தளையில், மருந்து பீய்ச்சும் மூக்கான நாசில் கடைந்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், மேனேஜரையும் என்னையும் தவிர.

"ஹௌதா?" என்றார் மேனேஜர், அப்படியா என்று.

அன்றைக்கே கேட்டில் டிபன் பாக்ஸ்களைத் திறக்கச் சொன்னார்கள். நாகராஜின் பாக்ஸில் மிச்சக் களிக்கு அடியில் நாசில்கள். வேலை போயிற்று. (மேனேஜர் வீட்டுக் கேட்டையே எங்கள் வெல்டர்கள்தான் கம்பெனி இரும்பில் செய்து கொடுத்தார்கள். அது லாரியில் போனதால் யாரும் திறந்து பார்க்கவில்லை.)

சம்பந்தப் பேச்சே இனி வேண்டாம் என்று நாகராஜ் சொல்லியனுப்பினார். கவிதா ஒத்துக்கொள்ளவில்லையாம். "இந்தாளு வாயில ஒண்ணும் நிக்காதில்ல? அப்ப எங்கிட்ட எதயும் மறைக்க முடியாது. இவரயே கட்டிக்கிறேன்" என்றிருக்கிறாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

கல்யாணத்துக்கு வந்த நாகராஜ் என்னோடு பேசவில்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் மூக்கு, என் காது, மூடாத என் வாய், எல்லாம் அப்படியே இருந்த குழந்தையை முறைத்துக்கொண்டு நின்றார்.

கவிதா படுத்தபடியே, "பாருண்ணா, பத்து மாசமும் சோறு என்னுது, ரத்தம் என்னுது. டிராயிங் மட்டும் இவரோடது" என்றாள்.

அண்ணன் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப இதுவும் கம்பெனிப் பித்தளயில கடஞ்ச நாசில்தான்" என்றார். ராயக்கோட்டையில் இன்றுவரை என் மகளுக்கு நாசில் என்றுதான் பேர். எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது, பேரென்ன என்று கேட்ட டீச்சரிடம் அவளும் அதையேதான் சொன்னாள்.