நெபுலாவில் ஒரு விரல்

அறுபது படங்களிலும் அந்த விரல் இருந்தது.

எக்ஸ்ரேக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஓரியன் நெபுலா என்ற விண்மேகம், யாரோ ஊதிவிட்ட இளஞ்சிவப்புப் புகை மாதிரி, கணினித் திரை முழுக்கப் படர்ந்திருந்தது. அதன் இடது ஓரத்தில் கறுப்பாக, நகத்தோடு ஒரு விரல் நுனி. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நாற்பது கை பார்க்கிறவர். வேறு என்னவோ என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

"ராத்திரி மொட்டை மாடிக்கு வந்தியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பனியில வந்து நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"டெலஸ்கோப் முன்னாடி யாரோ விரலை நீட்டியிருக்காங்க."

"நீங்களே நீட்டியிருப்பீங்க. கண்ணாடியத் தலையில வெச்சுக்கிட்டு வீடு பூராத் தேடுற ஆளுதானே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று இரவு, கேமரா தானாகவே அறுபது படம் எடுக்கும்படி வைத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார். காலையில் படங்களைத் திறந்து பார்த்தால், ஒரு விரல் நான்காகியிருந்தது.

மூன்றாம் நாள் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். நாலு விரலோடு கட்டைவிரலும் வந்து சேர்ந்தது.

இன்னொரு சாவி கூடத்து ஆணியில் தொங்கியது. கூடத்தில் படுப்பவன் மச்சினன். வேலை தேடி வந்து இரண்டு வாரமாகிறது.

"மாப்ளே, விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்கு."

"என்ன விளையாட்டு மாமா? நான் படுத்தா பக்கத்து வீடு இடிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டேன். அக்காவக் கேளுங்க."

"தூங்கறவனை எழுப்பலாம். தூங்கற மாதிரி நடிக்கறவனை எழுப்ப முடியாது."

மச்சினன் மத்தியானத்துக்குள் பையைத் தூக்கிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டு மட்டும் மேஜையில் டங்கென்று வந்து இறங்கியது. மனைவியிடமிருந்து பேச்சு வரவில்லை.

நான்காம் இரவு மாடிக்குப் போய், யாரும் ஏறி வராதபடி கதவை அந்தப் பக்கமிருந்தே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு டெலஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு ஈ, கொசு கிடையாது. துணி காயப்போடும் கொடிகூட ஆடவில்லை. இரண்டு தடவை பிடரி மயிர் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. நோயாளிகளிடம் சொல்கிற மாதிரி, "மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேமரா விடியும்வரை டிக், டிக் என்றது.

காலையில் படத்தில் நெபுலாவே பாதிதான் இருந்தது. மீதியை விரித்த உள்ளங்கை ஒன்று மறைத்திருந்தது. ரேகைகள்கூட மெல்லிசாகச் சிவந்து தெரிந்தன.

முதல் வேலையாக மச்சினனுக்குப் போன் போட்டார். "மாப்ளே, நீ இல்ல. மனசுல வெச்சுக்காதே. வீட்டுக்கு வந்துடு."

"அப்ப யாரு மாமா?"

அவர் போனை வைத்தார். காதை இங்கேயே வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவிய மனைவி, முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"லென்ஸ்ல ஏதாவது கறையா இருக்கும். கடையில காட்டுங்க."

டெலஸ்கோப் பழுது பார்க்கும் கடைக்காரர் லென்ஸைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு சார். ஒரு தூசி இல்ல."

எக்ஸ்ரேக்காரர் படங்களை வரிசையாகக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கதவைப் பூட்டியது, மச்சினனை விரட்டியது, ராத்திரி முழுக்கக் காவல் இருந்தது, எல்லாம். "யாரு மாடியேறி வந்து கைய வெக்கிறாங்கன்னு மட்டும் பிடிபடல."

கடைக்காரர் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் ரேகைகளையே பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சார், பக்கத்துல இருந்து யாரு கைய நீட்டினாலும் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கைன்னே தெரியாது. ரேகை வரைக்கும் இவ்வளவு தெளிவா விழணும்னா, அந்தக் கை நெபுலாகிட்டதான் இருக்கணும்."