ஜன்னலுக்கு ஏற்ற சுவர்

ஜன்னல் சுவரைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது.

யோர்மா கெட்டுனென் மறுபடி அளந்தார். அளவு நாடா மனம் மாறவில்லை. இடித்த பள்ளிக்கூடத்திலிருந்து மலிவாகக் கிடைத்த ஜன்னல், அதுவும் மூன்றடுக்குக் கண்ணாடி. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

"ஆளைக் கூப்பிடுன்னு அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி ஐலா.

"கூப்பிட்டேனே! ஊர்ல உள்ள தச்சருங்க எல்லாம் கிறிஸ்துமஸுக்கு அப்புறம்ங்கறாங்க. எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ்னு ஒருத்தரும் சொல்லல."

மகள் சிர்க்கு இரட்டைக் குழந்தைகளோடு அடுத்த மாதம் வருகிறாள். அவளுக்காகத்தான் இந்தப் பக்க அறை. இன்று மாலைக்குள் நகராட்சி ஆய்வாளர் வந்து, மரச்சட்டகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பலகை அடித்து மூடக் கூடாது. எலும்பைப் பார்த்த பிறகுதானே தோல்? அவரைத் தவறவிட்டால், அடுத்த முறை வருவதற்குள் பனி கொட்டிவிடும்.

அதனால் யோர்மா தல்கோவுக்கு அழைத்திருந்தார். அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல் உழைப்பார்கள். வீட்டுக்காரர் அவர்கள் வயிற்றைக் கவனிப்பார். ஒரு பல் டாக்டர், இரண்டு ஆசிரியைகள், பஸ் டிரைவர் பென்த்தி என்று பலர் வந்தார்கள். தச்சர் மட்டும் இல்லை.

"சுவரை உயர்த்திடு, அவ்வளவுதான்," என்றார் பென்த்தி.

உயர்த்தினார்கள். கூரையின் சரிவு குறைந்தது. சரிவு குறைந்தால் பனி வழுக்கி விழாது. விருந்தாளி மாதிரி வசந்தம்வரை மேலேயே உட்கார்ந்திருக்கும். திரும்ப இறக்கினார்கள்.

"அப்ப கீழ தோண்டுவோம். வேர்வரைக்கும் போனா சரியாயிடும்," என்றார் பல் டாக்டர்.

"இது கடவாப்பல் இல்லப்பா, அஸ்திவாரம்!" என்றார் யோர்மா.

ஐலா காபித் தட்டோடு வந்தாள். "ஜன்னலைப் படுக்க வைங்களேன்."

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. படுக்க வைத்தார்கள். உயரம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் இப்போது திறப்பு அகலமாகிவிட்டதே! மேலிருந்து வரும் கூரையின் பாரம் இரு பக்கத் தூண்களையும் எட்ட இன்னும் தூரம் போக வேண்டும். வழியில் தொய்யாமலிருக்கத் தடித்த உத்தரம் வேண்டும். யோர்மா மரக்கடைக்குப் போன் செய்தார். மூன்று வாரம் ஆகுமாம்.

அப்போது வேலைக் கால்சட்டை போட்ட ஒருவர் வேனிலிருந்து இறங்கினார். மச்சான் ரெய்யோ ஒரு தச்சரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். யோர்மாவுக்கு உயிர் வந்தது. உதவிக்கு வந்தவரை "நீங்க யாரு?" என்று கேட்பது இங்கே அழகல்ல. முதலில் பட்டாணி சூப், பிறகு சுத்தியல்.

"நான் எதுக்கு வந்தேன்னா…" என்று ஆரம்பித்தார் வந்தவர்.

"முதல்ல சாப்பிடுங்கண்ணே! பேச்சு எங்க போயிடப்போகுது?"

கிண்ணம் காலியானது. "இந்த உத்தரம் போதாதே," என்றார் அவர்.

"அதேதான் சிக்கல்! ஏறுங்க, ஏறுங்க!"

ஏறினார். மூன்று பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து, விளிம்பின் மேல் நெட்டுக்குத்தலாக நிறுத்தினால் உத்தரமாகிவிடும் என்றார். பலகை படுத்தால் வளையும், நின்றால் வளையாது. ஆக, ஜன்னல் படுத்தது. பலகை எழுந்து நின்றது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அந்த ஆய்வாளரு இன்னும் வரல பாருங்கண்ணே," என்று யோர்மா ஏணியிலிருந்து பொருமினார். "சட்டை கசங்கிடும்னு ஆபீஸ்லயே காபி குடிச்சிட்டிருப்பாரு."

வாய் நிறைய ஆணி வைத்திருந்த வந்தவர் அடுத்த ஆணியை ஓங்கி அடித்தார்.

மாலையில் சட்டகம் நிமிர்ந்து நின்றது. ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நின்றது. பென்த்தி கைதட்டினார். ஆய்வாளர் மட்டும் வரவில்லை.

வேலை முடிந்ததும் சௌனா என்ற நீராவிக் குளியலறையில் யோர்மா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் நின்னுடுச்சுண்ணே. வந்து பாக்கத்தான் ஆளில்ல. புள்ளைங்களை எங்க படுக்க வைப்பேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வந்தவர் சூடான கற்களில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார்.

"அந்த ஆய்வாளர் நான்தாங்க, நானே அடிச்ச உத்தரத்துக்கு நானே கையெழுத்துப் போடக் கூடாது, திங்கக்கிழமை காலையில வேற ஆளை அனுப்பறேன், அவர் கையில சுத்தியலைக் குடுக்கறதுக்கு முன்னாடி பேரை மட்டும் கேட்டுடுங்க."